என் முன்பற்கள் ஆறும் ஒரு செல்லுலாய்டு ஸ்ட்ரிப்பும்

1. வேலைக்குச் சேர்ந்த அன்றே

பல் டாக்டராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பேஷண்ட் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். எழுபதுகளின் கடைசி. மெட்ராஸில் பி.டி.எஸ். முடித்துவிட்டு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சீனியர் டாக்டரிடம் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தேன். அவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வார்கள். பல் பிடுங்குவதில் அவர் கைக்கு ஈடு அப்போது சேலத்தில் கிடையாது. அவர் கட்டிக் கொடுத்த செட் பல்லை வைத்துக்கொண்டு எலும்பு கடித்தவர்கள் உண்டு. சொத்தைப் பல்லில் அவர் அடைத்த அமால்கம், ஆள் போனாலும் போகாது.

உள்ளே போய் வணக்கம் சொன்னேன். வாயைத் திறந்ததும் அவர் பார்வை என் கண்ணிலிருந்து இறங்கிப் பல்லில் நின்றுவிட்டது.

"எந்த ஊரும்மா நீ?"

"திருச்செங்கோட்டுப் பக்கமுங்க சார்."

"அதானே பார்த்தேன். கிணத்துத் தண்ணியா?"

"ஆமாங்க."

"ஃப்ளோரோசிஸ். புஸ்தகத்துல போட்டிருப்பானே, அந்தப் படத்தை அப்படியே வாயில வெச்சிருக்கே."

உண்மைதான். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பால் பல் விழுந்து முளைக்கும்போதே பல் பழுப்பாக, கோடு கோடாக, சில பேருக்குத் துருப்பிடித்த மாதிரி முளைக்கும். பல்லைப் பார்த்தே எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தது என்று சொல்லிவிடுவார்கள். ஜேடர்பாளையத்தில் கட்டிக் கொடுத்த எங்கள் அத்தையின் பிள்ளைகளுக்கு ஆற்றுத் தண்ணீர். பல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். அழுக்குதான் காரணம் என்று நினைத்து, செங்கல் தூளை வைத்து ஈறு கிழியத் தேய்த்த காலம் எனக்கு உண்டு. மெட்ராஸ் ஹாஸ்டலில் முதல் வாரம் ஒருத்தி, "நீ பொகையில போடுவியா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அதற்கப்புறம் படிப்பு முடியும்வரை நான் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசினேன். வாய்மொழித் தேர்வான வைவாவில்கூட அப்படித்தான். ஒரு புரொபசர், "பல்லைப் பத்திப் பேச வந்துட்டுப் பல்லை மூடிக்கிட்டுப் பேசுறியேம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தால் பல் தெரியுமே.

பெரிய டாக்டர் அதிகம் யோசிக்கிற ஆள் இல்லை. "வர்றவன் உன் பல்லைப் பார்த்துட்டு நம்மகிட்டப் பல்லைக் காட்டுவானா? பல்லு மேல வெள்ளையா வெக்கற புது காம்போசிட் கிட் பம்பாயிலேர்ந்து வந்திருக்கு. ஏறி உட்காரு" என்றார்.

என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஓடிப் போய் உட்கார்ந்தேன்.

2. அமால்கம் பழகிய கை

இப்போது பி.டி.எஸ். படிக்கிற பிள்ளைகளுக்காக அந்தக் காலத்து காம்போசிட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைக்கு மாதிரி நீல வெளிச்சம் காட்டி இறுகவைக்கும் சரக்கு இல்லை. இரண்டு டப்பா வரும். ஒன்றில் பேஸ், இன்னொன்றில் அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட். இரண்டையும் காகித அட்டையில் வைத்துக் கலந்த கணத்திலிருந்து அது இறுக ஆரம்பித்துவிடும். பல்லின் மேல் வைத்து உருவம் கொடுக்கக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அந்த நேரத்துக்குள் கையில் சரியான கருவி இல்லையென்றால் பிறகு கல்லோடு சண்டை போடுகிற மாதிரிதான்.

பெட்டிக்குள்ளேயே கலப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்பாச்சுலா வைத்திருந்தார்கள். பெரிய டாக்டர் அதை எடுத்துப் பார்த்தார். "என்ன இது, ஐஸ்கிரீம் குச்சி மாதிரி" என்று ஓரமாகப் போட்டுவிட்டு, தன்னுடைய ஸ்டீல் ஸ்பாச்சுலாவை எடுத்தார். காம்போசிட்டுக்குள் இருக்கும் பொடி மணல் மாதிரிக் கடினமானது. அது ஸ்டீலைச் சுரண்டும். சுரண்டியது பேஸ்ட்டில் கலந்து, வெள்ளையில் ஒரு சாம்பல் நிறம் ஏறும். பிளாஸ்டிக் குச்சி கொடுத்ததற்குக் காரணம் அதுதான். வைப்பதற்கும் அவர் அமால்கத்தை அமுக்கிப் பதிக்கும் கண்டென்சரைத்தான் எடுத்தார். அமால்கம் அமுக்க அமுக்கப் பதியும். காம்போசிட் ஸ்டீலில் ஒட்டிக்கொண்டு, கையை எடுக்கும்போது கூடவே எழுந்து வரும். அடியில் காற்று புகுந்துவிடும்.

இவையெல்லாம் சின்னத் தப்பு. பெரிய தப்பு ஸ்ட்ரிப்பில் நடந்தது.

கடைவாய்ப் பல்லில் அமால்கம் வைக்கும்போது அச்சு மாதிரி ஸ்டீல் மேட்ரிக்ஸ் பேண்டைப் பல்லைச் சுற்றிப் போட்டு, திருகி இறுக்கிவிடுவோம். அது பல்லைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். முன்பல்லுக்கு அப்படி முடியாது. அதற்கு மெல்லிய, கண்ணாடி மாதிரியான செல்லுலாய்டு ஸ்ட்ரிப்தான் மேட்ரிக்ஸ். அதைப் பல் இடுக்கில் விட்டு, ஈறுக்குச் சற்றுக் கீழே இறக்கி, வெட்ஜ் என்கிற ஒரு சின்ன மர ஆப்பைச் செருகி, ஸ்ட்ரிப் பல்லோடு ஒட்டி நிற்கிற மாதிரி செய்ய வேண்டும். அதற்கப்புறம்தான் பேஸ்ட். பிறகு ஸ்ட்ரிப்பை இழுத்துப் பல்லின் முகத்தில் படியவைத்து, இறுகும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். பெரிய டாக்டரோ பக்கத்துப் பல்லோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு தடுப்பாக மட்டும் ஸ்ட்ரிப்பை வைத்தார். "வெட்ஜெல்லாம் கடவாய்க்குத்தான், முன்னால எதுக்கு?" என்றார். பேஸ்ட் ஸ்ட்ரிப்புக்கும் பல்லுக்கும் நடுவில் வழிந்து, ஈறுக்கு அடியில் போய் இறுகிக்கொண்டது. ஆறு பல்லிலும் இதே கதை.

அதற்கு முன்னால் பழுப்பு தெரியக்கூடாதென்று பர் என்கிற சுழலும் முனையை வைத்துப் பல்லின் முகத்தைத் தேய்த்திருந்தார். காம்போசிட் பிடிப்பதற்காகப் பல்லில் தடவும் ஆசிட்டை, கிட்டோடு வந்த தாளில் போட்டிருந்தபடி ஒரு நிமிடம் வைத்தார். எங்கள் ஊர்ப் பல்லுக்கு ஒரு நிமிடம் எந்த மூலைக்கு? ஃப்ளோரைடு ஏறிய எனாமலில் ஆசிட் சுலபத்தில் பிடிக்காது. அந்தத் தாளை எழுதியவர் எங்கள் தண்ணீரைக் குடித்ததில்லை.

இந்தத் தப்பெல்லாம் எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் வாயைத் திறந்திருப்பேனா என்பது சந்தேகம். கையில் கண்ணாடியைக் கொடுத்தார். ஆறு பல்லும் வெள்ளையாக இருந்தது. நான் அழுதுவிட்டேன்.

"அழாதே, உமிழ்நீர் படும்" என்றார் பெரிய டாக்டர்.

3. ஊரில் சிரித்தது

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போனேன். ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். சிரிக்க வேண்டாத இடத்திலெல்லாம் சிரித்தேன். பந்தியில் ரசம் ஊற்றியவரைப் பார்த்துச் சிரித்தேன். அப்பா என்னை ஒவ்வொருவரிடமும் கூட்டிக்கொண்டு போய், "எங்க பெரிய டாக்டர் பண்ணிக் குடுத்ததுங்க" என்று அவரைத் தன் சொந்தக்காரர் மாதிரிச் சொன்னார்.

என் தங்கை சரசு அன்றைக்கு முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தாள். அவளுக்கும் என்னுடையதைப் போலவேதான் பல், இன்னும் கொஞ்சம் அழுத்தமான பழுப்பு. ஆனால் அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கிற சிரிப்பு அவளுக்கு. அன்று சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். அடுத்த தடவை நான் போனபோது கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினாள்.

அதைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

4. சாம்பிள்

கிளினிக்கில் நான் சாம்பிள் ஆனேன். பழுப்புப் பல்லோடு யார் வந்தாலும் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிடுவார். "டாக்டரம்மா, கொஞ்சம் சிரிங்க." நான் சிரிப்பேன். "இவங்களும் உங்க பக்கம்தான். இப்பப் பாருங்க." ஜவுளிக்கடையில் புடவையைப் பிரித்துப் போட்டுக் காட்டுவது மாதிரி இருக்கும். முதலில் பிடித்துத்தான் இருந்தது.

சில மாதங்களில் ஈறு வீங்க ஆரம்பித்தது. ஈறின் ஓரம் கருஞ்சிவப்பாகத் தடித்தது. பிரஷ் பட்டால் ரத்தம், இட்லி பட்டாலும் ரத்தம். அதைவிட மோசம் நாற்றம். பேஷண்ட்டின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து வேலை செய்கிற தொழில் இது. நான் கிராம்பை அடக்கிக்கொண்டு, மூச்சைத் திருப்பி விட்டுக்கொண்டு வேலை செய்தேன். ஒரு நாள் முறுக்கு கடித்தபோது கோரைப்பல்லின் மேல் வைத்திருந்த காம்போசிட் அப்படியே கழன்று கையில் வந்தது. யாரும் இல்லாத நேரத்தில் நானே கண்ணாடி பார்த்து ஒட்டிக்கொண்டேன்.

என்ன கோளாறு என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. மௌத் மிரரையும் கூர்முனைக் கருவியான புரோபையும் வைத்துப் பார்த்தேன். ஈறுக்கு அடியில் புரோப் போய்த் தட்டி நின்றது. பிதுங்கி இறுகிய காம்போசிட் ஒரு விளிம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கடியில் போகிற சோற்றை எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது.

பிடுங்கிப் போட்ட பற்களைப் பிளாஸ்டர் கட்டியில் வரிசையாக நட்டு, அதில் ஸ்ட்ரிப் வைத்துப் பழகினேன். வெட்ஜைச் செதுக்கிச் செருகினால் ஸ்ட்ரிப் பல்லின் கழுத்தில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்வதைப் பார்த்தேன். நேரான ஸ்ட்ரிப்பைக் கருவியின் பிடியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் அது பல்லின் வளைவுக்கு வளைந்து கொடுக்கும். ஸ்ட்ரிப்பில் பட்டு இறுகிய முகம்தான் இருப்பதிலேயே வழவழப்பு. அதில் தேவையில்லாமல் மெருகு போடும் டிஸ்க் வைக்கக்கூடாது. பழுப்புப் பல்லுக்கு ஆசிட்டை இரண்டு மடங்கு நேரம் வைத்தால்தான் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். இதெல்லாம் எனக்குப் பிளாஸ்டர் கட்டி கற்றுக் கொடுத்தது. கிளினிக்குக்கு வந்தவர்களுக்கு நான் இந்த மாதிரிதான் வைத்தேன். ஒன்றும் வீங்கவில்லை.

என் வாயில் இருந்ததை மட்டும் தொடவில்லை. சரி செய்ய வேண்டுமென்றால் பெரிய டாக்டரிடம் சொல்லி முழுவதையும் எடுக்க வேண்டும். ஈறு ஆறும்வரை சில வாரம் வெறும் பல்லோடு இருக்க வேண்டும். அதற்கு ரத்தமே தேவலை என்று முடிவு செய்திருந்தேன். பல் படித்தவள் எடுத்த முடிவு இது.

பெரிய டாக்டர் தொடர்ந்து என்னைச் சிரிக்கச் சொன்னார். நானும் சிரித்தேன்.

5. சரசு வந்தாள்

ஒரு நாள் காலையில் அப்பாவும் சரசுவும் கிளினிக் வாசலில் நின்றார்கள். எனக்குச் சொல்லவே இல்லை. சரசுவுக்கு ஓமலூர்ப் பக்கம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"டாக்டருங்க, பெரியவளுக்குப் பண்ணுனாப்பலயே சின்னவளுக்கும் பண்ணிப்போடுங்க. அடுத்த மாசம் கல்யாணமுங்க" என்றார் அப்பா.

"அதுக்கென்ன, அதே கை, அதே மருந்து. உட்காரும்மா" என்றார் பெரிய டாக்டர். பர்ரை மாட்டினார். என்னைப் பார்த்து, "பேஸ்ட்டை எடுத்து வை" என்றார்.

சரசு நாற்காலியில் ஏறி, நான் அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு. பர் சுற்றுகிற சத்தம் கேட்டது. அது ஒரு தடவை எனாமலைத் தேய்த்துவிட்டால் தேய்த்ததுதான், திரும்ப முளைக்காது.

"சார், சரசுவுக்கு வேண்டாங்க சார்."

அவர் பெடலிலிருந்து காலை எடுத்தார். "ஏன்?"

சரசு எழுந்து உட்கார்ந்தாள். "உனக்கு மட்டும் வேணும், எனக்கு வேண்டாமாக்கா?"

டிரேயில் பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற நூல் இருந்தது. எடுத்து என் முன்பல் இரண்டுக்கும் நடுவில் விட்டேன். அது அடியில் சிக்கியது. பலமாக இழுத்தேன். பிய்ந்து, சிவப்பாக வந்தது. நாற்றமும் கூடவே வந்தது. அதை அப்படியே நீட்டிக் காட்டினேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஈறுக்கு அடியில விளிம்பு நிக்குதுங்க சார். ஆறு பல்லுலயும்."

பெரிய டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னை வெளிச்சத்துக்குத் திருப்பி, புரோபை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் ஓட்டினார். ஒவ்வொன்றிலும் அது தட்டி நின்றது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"வெட்ஜ் வெச்சிருக்கணும்" என்றார் மெதுவாக. பிறகு, "இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

நான் நூலைச் சுருட்டி டிரேயில் போட்டேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். சரசு, "பரவால்லீங்க டாக்டருங்க. ரத்தம் வந்தா வந்துட்டுப் போவுது. நீங்க எனக்குப் பண்ணுங்க" என்றாள்.

அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏஞ்சாமி இப்படி அடம் புடிக்கற? மாப்பளைக்கும் இதே பல்லுதான. அவுங்க ஊர்லயும் இதே தண்ணிதான். அவுங்க ஊட்ல ஒருத்தரும் பல்லப் பத்தி ஒரு வார்த்த கேக்குல." என் பக்கம் திரும்பினார். "அம்மணி, நீ அன்னிக்கு வந்துட்டுப் போனதுல இருந்துதான் இவ இப்படி. சோறு திங்கறப்பக்கூட வாய மறைக்கறா."

இது எனக்குப் புதுச் செய்தி. மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருப்பார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் டாக்டர் ஆனேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒளிவிடம். "சரசு, உன் பல்லு நல்ல கெட்டிப் பல்லு. சொத்தைகூட விழாது. நிறம்தான் அப்படி. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அப்படின்னா உன்றத எடுத்துப்போடு" என்றாள் சரசு. "எடுத்துட்டு என்றாட்டமே கல்யாணத்துக்கு வா. அப்ப நம்பறேன்."

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு 'சரி' என்கிற ஒரு சொல் வரவில்லை. கல்யாண மண்டபம், அத்தை பிள்ளைகளின் வெள்ளைப் பல், ஹாஸ்டலில் புகையிலை கேட்டவள், எல்லாம் கண் முன்னால் வந்தது. வாய் அழுகிக்கொண்டிருக்கிறது என்று இப்போதுதான் நானே நூலை நீட்டிக் காட்டியிருந்தேன். அப்படியும் அந்த வெள்ளையை விட எனக்கு மனம் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கேவலமாக உணர்ந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சரசு எனக்காகக் காத்திருந்தாள். பிறகு, "பாத்தீங்களா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மறுபடியும் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

அந்தத் திறந்த வாயைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கால் நகர்ந்தது. "எறங்கு" என்றேன். அவள் இறங்கினாள், நான் ஏறினேன். "எடுங்க சார்."

பெரிய டாக்டர் முன்பல் ஒன்றின் ஓரத்தில் காரை சுரண்டும் ஸ்கேலரைக் கொடுத்து நெம்பினார். பாடுபடவே வேண்டியிருக்கவில்லை. நகம் கழன்ற மாதிரி முழுசாக வந்துவிட்டது. ஆசிட் பிடிக்காத பல்தானே. நான் கண்ணாடி கேட்கவில்லை. சரசு கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். என் கண் முன்னால் அவள் முகம்தான் இருந்தது, அதனால் என் பல்லை நான் அவள் முகத்தில்தான் பார்த்தேன்.

எங்கள் ஊர்ப் பழுப்பும் அங்கே இல்லை, டாக்டர் வைத்த வெள்ளையும் இல்லை. தேய்த்து மெலிந்த, மஞ்சளான, சொரசொரப்பான ஏதோ ஒன்று, வீங்கிய ஈறுக்கு நடுவில் இருந்தது.

"அக்கா, உன்ற பல்லு எங்க?" என்றாள் சரசு.

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதுமுங்க டாக்டருங்க. எனக்கு வேண்டாமுங்க."

6. பிறகு

அவர்கள் போனதும் பெரிய டாக்டர் கையைக் கழுவிவிட்டு வந்து, ஓரமாகக் கிடந்த பிளாஸ்டிக் ஸ்பாச்சுலாவைத் தேடி எடுத்தார். "எப்படி வெக்கணும்னு சொல்லு, நான் வெக்கறேன்" என்றார். ஈறு ஆற ஆற, ஒவ்வொரு பல்லாக எடுத்து, ஸ்ட்ரிப்பும் வெட்ஜும் வைத்து, திரும்பச் செய்தார். என்னை அதற்கப்புறம் அவர் ஒரு நாளும் சிரிக்கச் சொல்லவில்லை.

சரசு கல்யாணத்தின்போது என் வாயில் பாதி பழசு, பாதி புதுசு. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மணவறையில் மாப்பிள்ளை ஏதோ சொல்ல, சரசு மறைக்காமல் சிரித்தாள். இரண்டு பேருக்கும் ஒரே பழுப்பு. அவளுக்கு இன்றைக்கும் அதே பல்தான், அத்தனையும் உறுதியாக இருக்கிறது. எனக்கு எனாமல் போனது போனதுதான். சில வருடங்களுக்கு ஒரு தடவை யாராவது ஒரு ஜூனியரிடம் வாயைத் திறந்து காட்டி, புது காம்போசிட் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வைக்கும்போது வெட்ஜ் செருகினாரா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

இன்றைக்கு ஸ்ட்ரிப்பில் எத்தனையோ வகை வந்துவிட்டது. வளைத்து அச்சடித்த மேட்ரிக்ஸ், வெளிச்சம் கடத்துகிற வெட்ஜ், ஒட்டாத பூச்சு போட்ட கருவி. எதை எடுப்பது, எப்படி வைப்பது என்பதை நீங்கள் பழகப் பழகக் கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. நிறத்தை மாற்றச் சொல்லி ஒரு பெண் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால், கருவியைத் தொடுவதற்கு முன்னால், இந்தப் பல் நன்றாக இல்லை என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டுவிடுங்கள். அன்றைக்கு நாங்கள் யாராவது சரசுவிடம் அதைக் கேட்டிருந்தால், அவள் என்னைத்தான் காட்டியிருப்பாள்.